தாடை மூட்டு மாற்று அறுவையும் உலோக ஒவ்வாமையும்: சிங்கப்பூர் நோயாளிகளுக்கு முழுமையான வழிகாட்டி

கவரிங் தோடு போட்ட இரண்டாம் நாளே காது மடல் அரித்து நீர் கோத்துக்கொள்ளும் ஒருவருக்குத் தாடை மூட்டில் உலோகம் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் எந்த உலோகம் என்பதை மூட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நோயாளியின் எலும்புக்கு அளவெடுத்துச் செய்த மூட்டு வேறு யாருக்கும் பொருந்தாது. அறுவைக்கு முதல் நாள் வார்டில் தாதி வந்து "ஏதாச்சும் அலர்ஜி இருக்கா?" என்று கேட்கும்போதுதான் அந்தத் தோடு நினைவுக்கு வருகிறதென்றால், பெரும்பாலான வாசல்கள் அடைபட்டுவிட்டன என்று பொருள்.

அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கும், அறுவை முடிந்தபின் வலியோ வீக்கமோ தொடர்வதால் "உலோகம் ஒத்துக்கொள்ளவில்லையோ" என்று யோசிப்பவர்களுக்கும் இது எழுதப்பட்டது. இரண்டாவது வகையினர் கடைசிப் பகுதிக்குத் தாவலாம். ஆனால் மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் படித்துவிட்டுப் போவது நல்லது.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது

முழு மூட்டு மாற்றத்தில் இரண்டு துண்டுகள் உண்டு. காதுக்கு முன்னால் மண்டையோட்டில் உள்ள குழியில் ஒரு கிண்ணம் பொருத்தப்படும். தாடை எலும்பின் பின்புறச் செங்குத்துப் பகுதியில் ஒரு தகடு. அதன் உச்சியில் கிண்ணத்துக்குள் அசையும் தலை. இரண்டையும் திருகுகளே பிடித்திருக்கும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் பயன்படும் எலும்புச் சிமென்ட் இங்கே இல்லை. ஆகவே அந்தச் சிமென்டில் கலக்கும் ஜென்டாமைசின், அக்ரிலிக் பொருள்களுக்கான சோதனைகளை "மூட்டுப் பட்டியல்" என்ற பெயரில் சேர்த்துச் செய்து காசைக் கரைக்க வேண்டியதில்லை.

கிண்ணத்தின் உராயும் பரப்பு பாலிஎதிலீன். மிக உறுதியான ஒரு வகைப் பிளாஸ்டிக். அது ஒவ்வாமை தருவதில்லை. அளவெடுத்துச் செய்யும் வகையில் அதன் முதுகில், எலும்பைத் தொடும் பக்கம், தூய டைட்டேனிய வலை ஒட்டியிருக்கும். தயார் அளவுகளில் வரும் வகையில் கிண்ணம் முழுக்கப் பிளாஸ்டிக்காகவே இருக்கலாம். பேசவேண்டிய விஷயம் கீழ்த் துண்டில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்ற டிஎம்ஜே கான்செப்ட்ஸ் மூட்டு அளவெடுத்துச் செய்யும் வகை. அதன் தகடு டைட்டேனியக் கலவை, தலை கோபால்ட்-குரோமியம்-மாலிப்டினம். 2005இல் அனுமதி பெற்ற பயோமெட் மூட்டு தயார் அளவுகளில் வருவது. அதன் வழக்கமான கீழ்த் துண்டு முழுக்கக் கோபால்ட்-குரோமியக் கலவை. எலும்பைத் தொடும் பக்கத்தில் மட்டும் டைட்டேனியப் பூச்சு. "டைட்டேனியம்தான் போட்டிருக்கு" என்று நோயாளி நம்பிக்கொண்டிருப்பது பல நேரம் இந்தப் பூச்சையோ திருகையோ வைத்துத்தான்.

கலவைகளின் உள்ளடக்கம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கோபால்ட்-குரோமியக் கலவையில் குரோமியம் ஏறத்தாழ 27 முதல் 30 விழுக்காடு, மாலிப்டினம் 5 முதல் 7 விழுக்காடு, மீதியில் பெரும்பங்கு கோபால்ட். நிக்கல் அதில் சேர்க்கப்படுவதில்லை. மாசாக மட்டுமே இருக்கும். தர வரையறைகள் அதை வார்ப்பு வகையில் 0.5 விழுக்காடு, அடித்து உருவாக்கும் வகையில் 1 விழுக்காடு என்று கட்டுப்படுத்துகின்றன. டைட்டேனியக் கலவையில் அலுமினியம் 6, வனேடியம் 4 விழுக்காடு. ஒப்பிட்டுப் பாருங்கள்: மருத்துவத்தில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் 10 முதல் 15 விழுக்காடு, பல் கிளிப் போடும்போது பயன்படும் நிக்கல்-டைட்டேனியக் கம்பியில் பாதிக்கு மேல் நிக்கல்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் டைட்டேனியத்தில் செய்துவிடலாமே என்று தோன்றும். டைட்டேனியம் எலும்போடு நன்றாக ஒட்டும், ஆனால் உராய்வைத் தாங்காத மென்மையான உலோகம். மூட்டுத் தலையாக அசையும்போது மேற்பரப்பு கீறுபட்டுக் கருந்துகள்கள் உதிரக்கூடும். கோபால்ட்-குரோமியத் தலை வைப்பதற்குக் காரணம் அதன் கடினம். முழு டைட்டேனியக் கீழ்த் துண்டு கிடைக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்காகவே செய்யப்படுகிறது. ஆனாலும் அது தேய்மானம் என்ற விலையைக் கேட்கும் தேர்வு. ஒவ்வாமை இல்லாதவர் "எதுக்கு வம்பு" என்று அதைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஒவ்வாமை எப்படி உருவாகிறது

உலோகக் கட்டி அப்படியே உடலை உறுத்துவதில்லை. அதிலிருந்து கழன்று வரும் அயனிகள் உடலின் புரதத்தோடு சேர்ந்து, நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்நியமாகத் தெரியத் தொடங்கும்போதுதான் பிரச்சினை. இது நான்காம் வகை ஒவ்வாமை. டி அணுக்களின் வேலை. தொட்டவுடன் தடிப்பு வராது, 48 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் உச்சம் தொடும். இறால் சாப்பிட்டு உதடு வீங்குவது வேறு வகை. அதனால் இரத்தத்தில் பார்க்கும் ஐஜிஇ சோதனையும், முன்கையில் ஊசி நுனியால் கீறிப் பார்க்கும் சோதனையும் உலோக ஒவ்வாமையைக் காட்டாது. உணவு ஒவ்வாமைக்கு எடுத்த பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை.

படி 1: உங்கள் பழைய கதையை எழுதுங்கள்

எல்லா நோயாளிக்கும் உலோகச் சோதனை செய்வது தேவையில்லை. எந்த அறிகுறியும் இல்லாதவருக்குச் செய்தால் பொருளற்ற ஒரு புள்ளி தெரிந்து வீண் கவலைதான் மிஞ்சும். யாருக்குச் சோதனை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கதை. மருத்துவர் "மெட்டல் அலர்ஜி உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்பார்கள், ஏனென்றால் காது புண்ணானதை யாரும் அலர்ஜி என்று சொல்வதில்லை, "கவரிங் எனக்கு ஒத்துக்காது" என்றுதான் சொல்வோம். ஆகவே கேள்விகளை நீங்களே விரித்துக்கொள்ளுங்கள்.

கவரிங் தோடு, வளையல், கொலுசு போட்ட இடத்தில் அரிப்பும் தோல் தடிப்பும் வந்ததா? தங்கத் தோடுதான் என்றாலும் திருகாணி என்ன உலோகம்? 916 தங்கத்தில் பொதுவாகச் செம்பும் வெள்ளியும் கலப்பார்கள். வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம். ஜீன்ஸ் பட்டன் படும் தொப்புள் பகுதி, கைக்கடிகாரப் பட்டையின் கொக்கி, சேலை ஊக்கு, மூக்குக் கண்ணாடிச் சட்டம், பிரா கொக்கி ஆகிய இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். காது, மூக்குக் குத்தியது எந்த வயதில், புண் ஆற எத்தனை நாள் ஆனது என்பதையும் எழுதுங்கள். நிக்கல் ஒவ்வாமை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு முக்கியக் காரணம் குத்திக்கொள்வதுதான்.

நிக்கலோடு நின்றுவிட வேண்டாம். கட்டுமானத் தளத்தில் ஈரச் சிமென்டோடு வேலை செய்து கைகளில் எக்சிமா என்ற நாள்பட்ட தோல் அழற்சி வந்தவர்களுக்குக் குரோமியம் காரணமாக இருக்கலாம். தோல் காலணி, தோல் பெல்ட் படும் இடத்தில் தடிப்பு என்றாலும் குரோமியம்தான் முதல் சந்தேகம். தோல் பதனிட அது பயன்படுகிறது. கோபால்ட் ஒவ்வாமை பெரும்பாலும் நிக்கலோடு சேர்ந்தே வரும். தலைச்சாயம், கருப்பு மருதாணி ஆகியவற்றால் வந்த கொப்பளம் உலோகத்தால் அல்ல. அது பிபிடி என்ற சாயப்பொருள். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள் ஏற்கெனவே உள்ளவையும் சாட்சிதான். நிக்கல் கலந்த கிரவுன், பல் கிளிப், எலும்பு முறிவுக்கு வைத்த தகடு எதையாவது ஆண்டுக்கணக்கில் தொல்லையில்லாமல் சுமந்திருந்தால் எழுதுங்கள். அது ஒவ்வாமை இல்லை என்பதை நிரூபிக்காது, ஆனால் முடிவெடுக்கும்போது எடை உண்டு.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனையும் உண்டு. டைமெத்தில்கிளையாக்சைம் என்ற திரவம் இணையத்தில் நிக்கல் சோதனைக் குப்பியாக விற்கிறது. பஞ்சுக் குச்சியில் சில துளிகள் விட்டு, சந்தேகமுள்ள நகையின் மீது அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் வெளியேறுகிறது. இது நகையைப் பற்றிய சோதனை. உங்கள் உடலைப் பற்றியது அல்ல. இருந்தாலும் "எந்த நகை என்னைத் தொல்லை செய்தது" என்ற கேள்விக்கு ஒரு துப்பு தரும்.

படி 2: பரிந்துரைக் கடிதமும் வரிசையும்

பலதுறை மருந்தகத்திலிருந்தோ சாஸ் திட்டத்தில் உள்ள மருந்தகத்திலிருந்தோ கடிதத்தோடு போனால்தான் பொது மருத்துவமனையில் மானியக் கட்டணம். தாடை மூட்டுக்கு ஊட்ரமில் உள்ள தேசியப் பல் நிலையம் போன்ற இடங்களின் வாய்-முக அறுவைப் பிரிவு. ஒட்டுச் சோதனைக்கு (உலோக உப்புகளை முதுகுத் தோலில் ஒட்டி வைத்துப் பார்க்கும் சோதனை) மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையம் போன்ற இடம். இரண்டுக்கும் தனித்தனி முன்பதிவு. தோல் நிலையத்துக்குப் போகும் கடிதத்தில் "உலோக ஒவ்வாமையா" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. தாடை மூட்டு மாற்றம் திட்டமிடப்பட்டுள்ளது, கோபால்ட்-குரோமியமும் டைட்டேனியக் கலவையும் பரிசீலனையில் உள்ளன, தீர்மானிக்க வேண்டிய தேதி இது என்ற மூன்று செய்திகளையும் எழுதச் சொல்லுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால்தான் ஒட்ட வேண்டிய பொருள்களின் பொருத்தமான தொகுப்பைத் தேர்வார்கள்.

வரிசை இப்படி அமையட்டும்: முதலில் கதை, பிறகு ஒட்டுச் சோதனை, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டு வடிவமைப்புக்கு ஒப்புதல். அளவெடுத்துச் செய்யும் மூட்டுக்கு மெல்லிய அடுக்குகளாக எடுத்த சிடி ஸ்கேன், அதிலிருந்து முப்பரிமாண மாதிரி, அறுவை மருத்துவரின் வடிவ ஒப்புதல், பிறகு தயாரிப்பு என்று பல வாரங்கள் ஓடும். ஸ்கேன் எடுத்துவிட்டுத் தோல் நிலையத்தில் காத்திருக்கலாம். வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

படி 3: ஒட்டுச் சோதனைக்குத் தயாராவது

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதுகின் மேற்பகுதியில் சுமார் 8 மி.மீ. அகலமுள்ள சிறு கிண்ணங்களில் வாசலினில் கலந்த உலோக உப்புகளை வைத்து ஒட்டி, 48 மணி நேரம் அப்படியே விடுவார்கள். பல இடங்களில் திங்களன்று ஒட்டி, புதனன்று கழற்றி முதல் வாசிப்பு, வெள்ளியன்று இரண்டாம் வாசிப்பு. உலோகங்களுக்கு அது போதாது. அவை தாமதமாகக் காட்டும் பழக்கமுள்ளவை. ஏழாம் நாள், அதாவது அடுத்த திங்களன்று, மூன்றாம் வாசிப்பு உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இல்லையென்றால் முதுகைப் பளிச்சென்ற வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பவாவது வழி கேளுங்கள்.

நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் ஒட்டுக்கு எதிரி. வியர்வையில் ஓரம் கழன்றால் மருந்து தோலைத் தொடாது. பொய்யான "இல்லை" கிடைக்கும். அந்த வாரம் ஜிம், நீச்சல், பூப்பந்து வேண்டாம். முதுகை நனைக்காமல் துண்டு நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எடுப்பவர்கள் அந்த வாரம் விட்டுவிடுங்கள், எண்ணெய்ப் பசை மீது ஒட்டு நிற்காது. கோடாரித் தைலம், வலி பிளாஸ்திரி எதுவும் முதுகில் படக் கூடாது. ஒட்டுவதற்கு 2 முதல் 4 வாரம் முன்பிருந்து முதுகு வெயிலில் கருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளில் கவனம் வேண்டும். அரிப்புக்குப் போடும் ஆன்டிஹிஸ்டமைன் மாத்திரை இந்தச் சோதனையைக் கெடுக்காது. முதுகில் தடவும் ஸ்டீராய்டுக் களிம்பைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் வாசிப்பு மங்கும். தாடை மூட்டு நோயாளிகளிடம் இது சாதாரணமாக நடப்பது: மூட்டு சிதைந்ததற்கே முடக்குவாதம் காரணமாக இருக்கும், அவர்கள் ஸ்டீராய்டிலோ மீத்தோட்ரெக்சேட் என்ற வாத மருந்திலோ இருப்பார்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சுமார் நான்கு வாரம் இடைவெளி விடுவது நல்லது. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வாத மருத்துவரும் தோல் மருத்துவரும் பேசிக்கொள்ளட்டும். மருந்தை நிறுத்தவே முடியாத நிலையென்றால் சோதனையைச் செய்யலாம், ஆனால் வந்த "இல்லை"யை முழுதாக நம்பக் கூடாது என்பது அறிக்கையில் எழுதப்பட வேண்டும்.

இன்னொன்று: "மூலிகைக் களிம்பு" என்று வாங்கிய சிலவற்றில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. யார் கொடுத்ததாக இருந்தாலும் டியூபைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படி 4: எதையெல்லாம் ஒட்டச் சொல்வது

அடிப்படைத் தொகுப்பில் நிக்கல் சல்பேட் 5 விழுக்காடு, கோபால்ட் குளோரைடு 1 விழுக்காடு, பொட்டாசியம் டைகுரோமேட் 0.5 விழுக்காடு இருக்கும். அமெரிக்க முறையில் நிக்கல் 2.5, டைகுரோமேட் 0.25. இந்த மூன்றும்தான் முடிவை நிர்ணயிப்பவை. மாலிப்டினம், வனேடியம், அலுமினியம் கூடுதல். தாடை அறுவையில் தோலில் படக்கூடிய குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், பிளாஸ்திரிப் பசை ஆகியவற்றையும் அதே வாரத்தில் சேர்த்துவிடுவது நல்ல யோசனை. ஏன் என்பது கடைசிப் பகுதியில் தெரியும்.

டைட்டேனியத்துக்கு நம்பகமான ஒட்டுச் சோதனை இல்லை. டைட்டேனியம் டைஆக்சைடு தோலுக்குள் ஊடுருவுவதே கடினம். அது வெள்ளைப் பெயின்ட்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கும் பொருள். அது "இல்லை" என்று காட்டினால் எதையும் உறுதி செய்யாது. டைட்டேனிய ஒவ்வாமை உண்மையிலேயே மிக அரிது என்பதுதான் நமக்கு ஆறுதல், சோதனை அல்ல.

படி 5: முதுகில் தெரிவதை வாசிப்பது

பாடப் புத்தகப் படங்கள் வெளிர் தோலில் எடுத்தவை. நம்மைப் போன்ற நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருஞ்சாம்பலாக, ஊதாக்கருப்பாகத் தெரியும், சில நேரம் ஒன்றுமே தெரியாது. விரல் நுனியால் தடவிப் பார்க்கும்போதுதான் தடிப்பும் சிறு பருக்களும் அகப்படும். வாசிப்பவர் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால், "தடவிப் பாருங்கள் டாக்டர்" என்று கேட்பதில் தவறில்லை.

லேசான நிற மாற்றம் மட்டும், தடிப்பு இல்லை என்றால் சந்தேகக் குறி. நிறமாற்றத்தோடு தடிப்பும் இருந்தால் ஒரு கூட்டல். நீர்க்கொப்புளமும் சேர்ந்தால் இரண்டு. கொப்புளங்கள் ஒன்றாகி விரிந்தால் மூன்று. உண்மையான ஒவ்வாமை 48 மணியிலிருந்து 96 மணிக்கு வலுக்கும் அல்லது அப்படியே நிற்கும். எரிச்சலால் வந்தது கழற்றியபின் மங்கும்.

ஏமாற்றும் தோற்றங்கள் சில உண்டு. கோபால்ட் இட்ட இடத்தில் வியர்வைத் துளைகளைச் சுற்றி ஊசிமுனை போன்ற புள்ளிகள் வருவது ஒவ்வாமை அல்ல. கோபால்டின் வழக்கமான குறும்பு அது. இந்தப் புள்ளிகளைக் கோபால்ட் ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் தேவையில்லாமல் முழு டைட்டேனியத்துக்குப் போக வேண்டிவரும். சிறுவயதிலிருந்து எக்சிமா உள்ளவர்களுக்கு நிக்கலில் சீழ்ப்பரு போன்றவை தோன்றும்; அதுவும் பெரும்பாலும் எரிச்சல்தான். ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கிண்ணங்களும் வட்டமாகத் தடித்திருந்தால் உலோக உப்பைவிடக் கிண்ணத்தையே சந்தேகியுங்கள். சில வகைக் கிண்ணங்கள் அலுமினியத்தால் ஆனவை.

இரத்தத்தில் செய்யும் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) தூண்டல் சோதனை பற்றி இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். உயிருள்ள அணுக்களை உலோகத்தோடு வளர்த்து எவ்வளவு பெருகுகின்றன என்று பார்ப்பார்கள். அணுக்கள் புதிதாக இருக்க வேண்டும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறையும் எல்லையும் மாறும். ஒட்டுச் சோதனையின் துணையாக, குறிப்பாக டைட்டேனியம் பற்றிய சந்தேகத்தில், அதற்குப் பயன் உண்டு. ஆனால் அந்த எண் உயர்ந்திருந்தால் உங்கள் அணுக்கள் அந்த உலோகத்தை அடையாளம் காண்கின்றன என்று மட்டுமே பொருள். மூட்டு தோற்றுவிடும் என்று பொருளல்ல. அந்த ஒற்றைத் தாளை வைத்து அறுவையை ரத்து செய்ய வேண்டாம்.

படி 6: முடிவை உதிரியோடு பொருத்துவது

கதையும் இல்லை, சோதனையும் தேவைப்படவில்லை என்றால் வழக்கமான மூட்டுதான், பேச்சு முடிந்தது.

நிக்கல் மட்டும் தெளிவாகக் காட்டினால் இரண்டு கருத்துகள் நியாயமானவை. கோபால்ட்-குரோமியக் கலவையில் நிக்கல் மாசளவே. நிக்கல் ஒவ்வாமையோடு இடுப்பு, முழங்கால் மூட்டுகளை நிம்மதியாகச் சுமப்பவர்கள் ஏராளம். மறுபுறம், டைட்டேனியத்தில் வாங்க வழியிருக்கும்போது சின்ன அபாயத்தையும் ஏன் சுமப்பது? ஜீன்ஸ் பட்டனில் லேசாக அரித்தவருக்கும், ஊக்கு பட்டாலே கொப்புளம் வெடிப்பவருக்கும் ஒரே விடை இல்லை. இரண்டாமவருக்கு முழு டைட்டேனியக் கீழ்த் துண்டு பொருத்தம். முதலாமவருக்குத் தலையின் தேய்மானத்தை எதிரே வைத்துத் தராசில் நிறுக்க வேண்டும்.

கோபால்ட் அல்லது குரோமியம் உண்மையாகவே காட்டினால், அதுவும் கதையோடு பொருந்தினால், தயக்கம் வேண்டாம். கலவையின் பெரும்பகுதியே அவைதான். முழு டைட்டேனியம் கேளுங்கள். கதை வலுவாக இருந்தும் சோதனை "இல்லை" என்றால், ஏழாம் நாள் வாசிப்பு நடந்ததா, ஸ்டீராய்டு இருந்ததா, ஒட்டு கழன்றதா என்று முதலில் பாருங்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பொதுவாக இல்லாமல் உதிரி உதிரியாக இருக்கட்டும்: தலை என்ன உலோகம், தகடு என்ன, கிண்ணத்தின் முதுகு என்ன, திருகு என்ன? விடையை எழுதி வாங்குங்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஓர் ஓட்டை: மூட்டை முழு டைட்டேனியமாக்கிவிட்டு, அறுவையின்போது மேல்-கீழ்த் தாடைகளைக் கட்டத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும் கம்பியும் பயன்படுத்துவது. சில சமயம் அவை வாரக்கணக்கில் வாயில் இருக்கும். நிக்கலும் அதில்தான் அதிகம். தாடைகளைக் கட்டும் தற்காலிகத் திருகு, பட்டை, கம்பி, தோலை இணைக்கும் உலோகப் பின்கள் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்து, டைட்டேனியத் திருகு, நூல் தையல் போன்ற மாற்றுகளை முன்கூட்டியே பேசுங்கள்.

உலோகமே வேண்டாம் என்பவர்களுக்கு விலா எலும்பு எடுத்து மூட்டாக வைக்கும் முறை இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்கவும் பெரும்பாலும் திருகு வேண்டும். மூட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பல முறை அறுவை கண்ட, எலும்பு ஒட்டிப்போன மூட்டில் அது நல்ல தேர்வாக இருப்பது அரிது.

படி 7: அனுமதியும் பணமும்

மருத்துவச் சாதனங்கள் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவாக வேண்டும். ஒவ்வாமைக்காகக் கேட்கும் வகை இங்கே பதிவாகவில்லை என்றால், குறிப்பிட்ட நோயாளிக்காக அதை வரவழைக்க மருத்துவர் சிறப்பு அனுமதி கேட்க வழியுண்டு. அந்த விண்ணப்பத்துக்கு ஒட்டுச் சோதனை அறிக்கை பலமான ஆதாரம், நேரமும் பிடிக்கும். அறுவைக்கு மெடிசேவும் மெடிஷீல்டு லைஃபும் எவ்வளவு தாங்கும், பொருத்தும் சாதனத்துக்கு எவ்வளவு, மீதி எத்தனை வெள்ளி கையிலிருந்து என்பதை ஆர்டருக்கு முன்பே நிதி ஆலோசனையில் எழுத்தில் கேளுங்கள். தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள் முன் ஒப்புதல் வாங்கும்போது உலோக வகையையும் குறிப்பிட வேண்டும். கட்ட முடியாது என்று தோன்றினால் மருத்துவமனையின் சமூக சேவையாளரைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

அறுவைக்குப் பிறகு தொல்லை வந்தால்

முதலில் ஒரு பழைய அச்சத்தை ஓரம் வைப்போம். தாடைப் பொருத்து என்று இணையத்தில் தேடினால் 1980களில் பயன்பட்ட புரோபிளாஸ்ட்-டெஃப்லான் பொருத்துகளின் கொடுமையான கதைகள் வரும். அவை நொறுங்கி, துகள்களைச் சுற்றி உடல் அந்நியப்பொருள் எதிர்வினை காட்டி, எலும்பைத் தின்றன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. அது உலோக ஒவ்வாமையும் அல்ல, இன்றைய மூட்டும் அல்ல.

அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் வீக்கமும் விறைப்பும் எதிர்பார்த்தவையே. மாதங்கள் கடந்தும் வலி, வீக்கம், வாய் திறப்புக் குறைவு, மூட்டின் மேல் தோலில் எக்சிமா போன்ற தடிப்பு நீடித்தால் தேட வேண்டும். தேடும் வரிசையில் உலோக ஒவ்வாமை கடைசி. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர்.

முதல் சந்தேகம் எப்போதும் கிருமித் தொற்று. அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தச் சோதனை. மூட்டைச் சுற்றி நீர் இருந்தால் ஊசியால் எடுத்துக் கல்ச்சர், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் மெதுவாக வளரும். ஐந்தாம் நாளில் "கிருமி இல்லை" என்று அறிக்கை வந்தால் அது முடிவல்ல. கல்ச்சரை 14 நாள் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். நீர் எடுக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். அவசரத் தொற்றாக இல்லாவிட்டால் முதலில் நீர், பிறகு மருந்து.

அடுத்தது இயந்திரக் கோளாறு: திருகு தளர்ந்ததா, மூட்டு விலகியதா, கடி மாறியதா? சிடி ஸ்கேனில் தெரியும். மூட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்தால் வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். வயிற்றுக் கொழுப்பை எடுத்து மூட்டைச் சுற்றி வைப்பது இதைத் தடுக்கத்தான். வலி எரிச்சலாக, மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் நரம்பு. மெல்லும் தசைகளை அழுத்தினால் அதே வலி வந்தால் தசை. சாப்பிடும்போது காதின் முன் பகுதி சிவந்து வியர்த்தால் அது உமிழ்சுரப்பி நரம்புகள் தடம் மாறியதன் விளைவு, ஒவ்வாமை இல்லை.

தோல் தடிப்பு இருந்தால் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பிளாஸ்திரியின் சதுர வடிவிலோ, களிம்பு தடவிய இடத்திலோ, கழுவிய திரவம் வழிந்த தடத்திலோ இருந்தால் பசை, நியோமைசின், குளோர்ஹெக்சிடின் ஆகியவையே குற்றவாளி. முன்பே சோதித்திருந்தால் இந்தக் குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீரும்.

இவ்வளவும் விலகிய பிறகு ஒட்டுச் சோதனை. உள்ளே இருக்கும் உலோகத்துக்கே தெளிவான எதிர்வினை, அறுவைக்குச் சில வாரங்கள் முதல் மாதங்களுக்குள் மூட்டின் மேலோ பரவலாகவோ தொடங்கிய தடிப்பு, சிகிச்சைக்கு மசியாத தன்மை எல்லாம் ஒருங்கே வந்தால் சந்தேகம் வலுக்கும். சோதனை மட்டும் காட்டி, தோல் அமைதியாக, மூட்டு நன்றாக அசைந்தால் மூட்டை எடுக்கக் காரணமில்லை. ஒருவருக்கு ஒவ்வாமை இருப்பதும், அவருடைய வலிக்கு ஒவ்வாமை காரணமாக இருப்பதும் ஒன்றல்ல.

மூட்டை எடுப்பது லேசான காரியமில்லை. வடுவான திசுவுக்குள் முக நரம்பு ஓடுகிறது. ஒவ்வொரு மறு அறுவையிலும் நெற்றியோ கண்ணிமையோ தளரும் அபாயம் ஏறும். எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் தாடை ஒரு பக்கம் சரிந்து கடி குலையும். எனவே மாற்று மூட்டு, பெரும்பாலும் முழு டைட்டேனியம், முன்பே தயாராக இருக்க வேண்டும். தொற்று சந்தேகம் இருந்தால் இடையில் தற்காலிக இடைநிரப்பி வைத்து இரண்டு கட்டமாகச் செய்வார்கள்.

மறு அறுவை நாளில் வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது ஐந்து திசுத் துண்டுகள் கல்ச்சருக்குப் போக வேண்டும், கூடவே நுண்ணோக்கிச் சோதனைக்கும். இரத்தக் குழாய்களைச் சுற்றி லிம்போசைட்டுகள் குவிந்திருந்தால் ஒவ்வாமையின் பக்கம் சாயும். நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தால் தொற்றின் பக்கம். எடுத்த மூட்டையும் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்: தலையின் கீறல்களும் திருகுத் துளைகளைச் சுற்றி உலோகம் அரிக்கப்பட்ட தடமும் பேசும். பெட்டியின் மேலிருந்த லாட் எண்ணும் உலோக வகையும் கொண்ட ஸ்டிக்கர் உங்கள் பொருத்து அட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று வீடு திரும்பும் நாளே பாருங்கள். பிறகு எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போதும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.